காயவே காயாத ஆரஞ்சு வில்லை

கேக்கின் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஆரஞ்சு வில்லை இரண்டு இருந்தால்தான் இப்போது மரியாதை. சர்க்கரைப் பாகில் வேகவைத்து உலர்த்தினால் போதுமாம். இந்தச் செய்முறைகளை எழுதுகிறவர்கள் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நான் இருப்பது சென்னையில்.

முதலில் பழம். தள்ளுவண்டியில் கிடைக்கிற கமலாவின் தோல் சுளையோடு ஒட்டாது. வட்டமாக நறுக்கிப் பாகில் போட்டால் தோல் வளையம் ஒரு பக்கம், சுளை இன்னொரு பக்கம். சாத்துக்குடி நறுக்க வரும், நிறம்தான் வராது. நம் எலுமிச்சையோ கையளவுகூட இல்லை, உள்ளே விதை. கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆரஞ்சுக்குத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். அதன் மேல் பூசிய மெழுகு போக வெந்நீரில் தேய்க்கணும். தோலின் வெள்ளைப் பகுதியில் இருக்கும் கசப்பு போகத் தனியாகக் கொதிக்கவிட்டு வடிக்கணும். கசப்போடு வாசனையும் கொஞ்சம் சாக்கடைக்குப் போகும், அதை யாரும் எழுதுவதில்லை.

பிறகு பாகு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, தோல் ஒளி ஊடுருவும் வரை முக்கால் மணி, ஒரு மணி நேரம். சிம்மில் வைத்தாலும் அது தளதளவென்று கொதிக்கும். கிளறினால் வில்லை கிழியும், விட்டால் அடிப்பிடிக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ‘ஓர் இரவு காற்றாட உலரவிடவும்’ என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தக் காற்று? இங்கே காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்பது சர்வசாதாரணம். பழத்தின் புளிப்பில் வெந்த சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. அந்த ஃப்ரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாகு பூத்துவிடாமலிருக்க எலுமிச்சைச் சாறு வேறு விடச் சொல்கிறார்கள், அதனால் இன்னும் கொஞ்சம் உடையும். விடிந்து பார்த்தால் வில்லைகள் வியர்த்து வழிகின்றன, எறும்புகள் வரிசையில் வருகின்றன. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்த நிமிடமே மறுபடி வியர்வை. ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் உலர்த்தலாமென்றால், என் வீட்டு ஓடிஜியில் முள் 100 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஓரம் கருகும், நடு பிசுபிசுக்கும். மொட்டைமாடியில் உப்பு நார்த்தங்காய் மட்டும் சித்திரை வெயிலில் சமர்த்தாகக் காய்ந்து வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. அதைக் கேக்கில் வைக்க முடியாதே!

எப்படியோ பேப்பர் டவலில் ஒற்றி, கடைசி நிமிடத்தில் வைத்துக் கொடுத்தால், வந்தவர்கள் படமெடுத்துவிட்டு வில்லையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். “தோலோடயா சாப்பிடணும்?” என்று ஒரு கேள்வி. மிஞ்சிய பாகை சோடாவில் கலந்து குடித்த மாமனார் ஒருவர்தான் முழு டம்ளரையும் காலி செய்தார். செய்துவிட்டுக் கேட்கிறார்: “நல்லாருக்கும்மா. ஆனா இதுக்கு நேரா பழத்தையே பிழிஞ்சிருக்கலாமே?”