கவச உடைக்குள் எத்தனை மணி நேரம்?

2020 கோடையில் சென்னையின் கொரோனா வார்டுகளுக்குள் நுழைந்த செவிலியர்கள் பலர், பணி முடியும்வரை கவச உடையைக் கழற்றவில்லை. பல இடங்களில் அது ஆறு மணி நேரம். தண்ணீர் குடிக்க வழியில்லை, கழிப்பறைக்கும் போக முடியாது. மாதவிடாய் நாட்களிலும் அதே நிலைதான். நாடு அவர்களுக்காகக் கைதட்டியது. அவர்களின் உடல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

உடல் குளிர்வது வியர்வை ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை வழிந்து காலுறையில்தான் தேங்கும். வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப வேண்டிய இதயம் திணறத் தொடங்கும். ஆவி புகாத முழு உடை அணிந்தவருக்கு, அளந்த வெப்பக் குறியீட்டோடு இன்னும் 11 டிகிரி செல்சியஸ் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர்களின் வழிகாட்டுதல். சென்னையின் மே மாதத்தோடு 11 டிகிரி!

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு தன் ஊழியர்கள் கவச உடையில் இருக்கும் நேரத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தியது. அது சலுகை அல்ல. உடையைக் கழற்றும் வேளையில்தான் தொற்று அபாயம் அதிகம். களைத்த கை அப்போதுதான் தவறு செய்யும்.

தீயணைப்பு வீரர்களின் நிலை இன்னும் கடுமை. கவச உடை, மூச்சுக் கருவி எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு படியேறுகிறார்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் சுமார் 45 சதவீதத்தினரின் உயிரைப் பறிப்பது இதய நோய் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. தீயை அணைக்கும் வேலை அவர்களின் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் அந்த இதய மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு அப்போதே நேர்ந்தது. இரண்டு காற்று உருளைகள் தீர்ந்ததும் கட்டாயம் 20 நிமிட ஓய்வு என்ற நடைமுறை அங்கே இருப்பது இதனால்தான்.

இங்கே பேச்சு பெரும்பாலும் உடையின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. 2020 மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கவச உடைகளை இந்தியா தைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் உடையைக் கொடுத்ததோடு முதலாளியின் கடமை தீர்ந்துவிடவில்லை. நேர வரம்பு வைத்தால் கூடுதல் ஆட்கள் வேண்டும், செலவாகும் என்பார்கள். அந்தச் செலவை இப்போது தொழிலாளியின் இதயமும் சிறுநீரகமும் ஏற்கின்றன.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. அதையொட்டிய விதிகளில் கவச உடைப் பணிக்குத் தனி இடம் வேண்டும்: உடைக்குள் இருக்கும் நேரத்துக்கு எழுத்துப்பூர்வமான வரம்பு, மாற்று ஆள், நிழலும் குளிர்ந்த நீரும் உள்ள ஓய்விடம், புதிதாகச் சேர்பவரின் உடல் வெப்பத்துக்குப் பழக முதல் இரண்டு வாரம் குறைந்த வேலை.