உஷ்ணமும் அதன் காரணமும்

கோடை பிறந்ததும் மோட்டார்ப் பட்டறைகளுக்கு, யந்திரம் அளவு மீறிக் கொதிக்கிறது என்ற குறையுடன் கார்கள் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு நம் ஊர்களில் வெகுகாலமாகச் செய்யப்பட்டுவரும் சிகிச்சை, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. குளிர் தேசத்துக்காரன் தன் தேவைக்காக வைத்த பாகம், நம் வெயிலுக்கு எதற்கு என்று அதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் அந்த நியாயம் முற்றிலும் பிழையானது என்பதும், அதை நம்பிக் கார் வைத்திருக்கும் சாமானியர்கள் அடைகிற நஷ்டம் சிறிதல்ல என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

எரிபொருளிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, யந்திரத்தின் உடலுக்குள் ஓடும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆயினும் யந்திரம் குளிர்ந்தே கிடப்பதும் அதற்கு ஆரோக்கியமன்று. ஆகையால்தான், உஷ்ணம் சாதாரணமாக 82 முதல் 90 டிகிரியை எட்டும் வரையில் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடிவைத்து, எட்டிய பின் தானாகத் திறக்கும் இந்தச் சிறு வால்வை வைத்தார்கள். அதை அகற்றிவிட்டால், யந்திரம் உரிய சூட்டை அடைய வெகுநேரமாகிறது. இன்னும் குளிராக இருப்பதாகக் கருதும் கணினி பெட்ரோலை அதிகமாகச் செலுத்துகிறது. எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி உட்பாகங்களைத் தேயவைக்கிறது. இதைவிட விபரீதம் ஒன்றுண்டு. சில யந்திரங்களில் இதே வால்வு, திறக்கும்போது குறுக்குவழி ஒன்றை அடைத்து, நீர் முழுவதையும் ரேடியேட்டருக்குத் திருப்பும்படி அமைந்திருக்கிறது. அங்கே வால்வை எடுத்துவிட்டால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே யந்திரத்துக்குத் திரும்பி, தணிக்க வந்த சிகிச்சையே கொதிப்பை மிகுவிக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய பிரதானமான கேள்வி, சூடு எப்பொழுது ஏறுகிறது என்பதே. சிக்னலில் நிற்கும்போது உஷ்ணமானியின் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குமானால், காற்றுதான் போதவில்லை என்பது பிரத்தியட்சம். ஃபேன் மோட்டாரையோ, அதன் ஃபியூஸையோ, ரிலேயையோ, உஷ்ணத்தை அறிவிக்கும் சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் சுழல்கிறதா என்று பார்ப்பது எவரும் செய்யக்கூடிய முதற் பரிசோதனை. அதற்கு மாறாக, நகரத்துக்குள் ஒழுங்காக இருந்த வண்டி கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போதோ, நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போதோ மட்டும் சூடேறுமானால், குறை நீரின் ஓட்டத்தில் இருக்கிறது: ரேடியேட்டரின் குழல்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாகத் திறக்காமல் சிக்கியிருக்கலாம். அப்போது ரேடியேட்டருக்கு வரும் குழாய் சுட, திரும்பிச் செல்லும் குழாய் குளிர்ந்திருந்தால், நீர் சுற்றவில்லை என்பது தெளிவு. வால்வின்மேல் சந்தேகம் வந்தாலும் அதை வெந்நீரில் இட்டு, உரிய சூட்டில் திறக்கிறதா என்று சோதித்து, பழுதானால் புதிது போடுவதே முறை.

வெளியே சொட்டுக்கூடக் கசியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால், விஷயம் கடுமையானது. புகைக்குழாயிலிருந்து இனிப்பு மணத்துடன் ஓயாத வெண்புகை, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தாற்போன்ற படிவு, ரேடியேட்டரில் இடைவிடாத குமிழி ஆகியவை, யந்திரத்தின் உடலுக்கும் அதன் மேற்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதைக் காட்டும் அடையாளங்கள். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தவர் எத்தனை பேர்? பாதி நீரும் பாதி கூலன்டுமான கலவை திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதித்துவிடும்; மூடி காக்கும் அழுத்தத்தினால்தான் அது 125 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் போய்விட்டால், மற்ற யாவும் செம்மையாக இருந்தும் யந்திரம் கொதிக்கும்.

சாலையோரத்தில் நிறுத்திப் பச்சைத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1957 முதல் 2014 வரையில் உற்பத்தியான அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த கனத்த வார்ப்பிரும்பு யந்திரம், அந்த முரட்டு வைத்தியத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. இன்றைய அலுமினிய ஹெட் பொறுக்காது, வளைந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரோ, குழல்களில் சுண்ணமாகப் படிந்து அடுத்த கோடையின் உபத்திரவத்துக்கு அடிகோலுகிறது. முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, யந்திரத்தை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிட்டபின், மேற்குழாயைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்திருந்தால் மட்டுமே மூடியைத் திறக்கவேண்டும்.

பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குக் குறைவில்லாத மதிப்புண்டு. கேளாமலே பாகத்தைக் கழற்றும் சம்பிரதாயத்தை மட்டுமே ஆட்சேபிக்கிறேன். கார் வைத்திருப்பவர்களே, எப்போது, எங்கே, எவ்வளவு நேரத்தில் சூடேறியது என்பதைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அழுத்தச் சோதனை செய்து பார்க்காமல் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், வேண்டாம், அதே இடத்தில் புதியதைப் போடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.