பேர் பிழையாம்!

வேலை போனவனுக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை வயிற்றைக் கழுவ ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்பது இன்று பிறந்த புதுக் கருத்தன்று. 1911ஆம் ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் தேசிய காப்புறுதிச் சட்டத்தை இயற்றிற்று. குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே என்றாலும், வேலையிழந்தவனுக்கு வாரம் ஏழு ஷில்லிங் என்று அச்சட்டம் எழுதி வைத்தது. அதே காலத்தில், லண்டன் கம்பனிகள் ஆண்ட நமது மலைகளில் நடந்தது என்ன? துண்டு முறை. தொழிலாளி பட்டிருக்கும் கடனை ஒரு சீட்டில் எழுதி, அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே ஆளை விட்டுக்கொடுத்தார்கள். மனிதனுக்கு விலை குறித்த அந்தச் சீட்டை ஒழிக்க 1921ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேநீர் குடித்தவனுக்கு ஒரு நியாயம். கொழுந்து பறித்தவளுக்கு இன்னொரு நியாயம்.

அந்த இரண்டு நியாயங்களும் இன்னும் ஒன்றாகிவிடவில்லை. வேலையில்லாக் காப்புறுதி என்று ஒரு திட்டம் இலங்கையில் இன்றும் கிடையாது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்தில் ஒருத்தியின் பேரை வெட்டிவிட்டால், மறுநாள் காலை அவளுக்கென்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒரு சதம் காத்திருப்பதில்லை. அவளுக்கு உரியதாக எஞ்சுபவை மூன்று. ஒன்று, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. மற்றொன்று, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி சேரும் சேவைக்காலப் பணம். இவற்றுள் முதலாவது பெண்ணுக்கு ஐம்பது வயதும் ஆணுக்கு ஐம்பத்தைந்தும் ஆகும்வரை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, முழுமையாகக் கைக்கு வராது. நாற்பது வயதில் பேர் வெட்டப்பட்டவள் பத்தாண்டு பட்டினி கிடந்து வரலாம் என்பது சட்டத்தின் கணக்குப் போலும்!

இம்மூன்றையும் நமது பத்திரிகைகள் ‘உதவி’ என்றும் ‘சலுகை’ என்றும் எழுதுகின்றன. படித்தவர்களும் அப்படியே பேசுகிறார்கள். அஸ்வெசும போன்ற நிவாரணத் திட்டங்களின் குறைகளைப் பற்றிப் பேச வேறு இடம் உண்டு, அவை நிவாரணங்கள். இவையோ கூலி. சேமலாப நிதிக்காகத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வெட்டப்படுகிறது. தோட்டம் பன்னிரண்டு போடுகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் மூன்று போடுகிறது. சேவைக்காலப் பணம், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டு ஒன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபாய் நாட்கூலியை வைத்துக் கணக்குப் பார்த்தால், இருபது ஆண்டு கொழுந்து பறித்தவளுக்கு இந்த ஒரு வகையில் மட்டும் 3,78,000 ரூபாய் சேரவேண்டும். வேலை முடிந்த முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பதும் அதே சட்டந்தான். மழையில் நனைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, ஏற்கெனவே உழைத்து முடித்துவிட்ட உழைப்பின் விலை இது. கொடுப்பவன் தயவு காட்டுவதாக எண்ணுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

ஆனால் அவள் அதைக் கேட்கப் போகும்போதுதான் தெரிகிறது, அவள் அவளல்லள் என்பது.

“பேர் பிழை” என்கிறார் மேசைக்கு அப்பால் இருப்பவர். பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’. அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’. தோட்டத்துச் செக்ரோலில் ‘லெச்சுமி’. நிதியத்தின் பதிவில் ஆங்கில எழுத்தில் இவை எதனோடும் ஒவ்வாத ஒரு நான்காவது வடிவம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் இல்லவே இல்லை. பிறந்த ஆண்டு ஒன்றில் 1968, மற்றொன்றில் 1970. ஆகவே சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்று வேண்டும். தோட்டத் துரையின் கடிதம் வேண்டும். பிரதேச செயலகத்திலிருந்து பிறப்புப் பதிவின் பிரதி வேண்டும். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் பஸ் கூலி. ஏழு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் என்று சொல்லத்தகும் நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் 2019வரை ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன என்பதை நினைவிற் கொண்டால், அந்த ஒரு நாள் எப்படிப்பட்ட நாள் என்பது விளங்கும்.

இதற்கு நமது கனவான்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். “தோட்ட மக்கள் அறியாமையில் இருக்கிறார்கள், தங்கள் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, படிவம் நிரப்பத் தெரியாது, விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்.” கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் கேட்கிறேன்: அந்தப் பேரை எழுதியது யார்? தோட்டத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு நெடுங்காலம் தோட்டத் துரையிடம் இருந்தது. செக்ரோலில் பேர் பதிந்தது தோட்டக் கந்தோர்க் கிளாக்கர். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தன் காதுக்கு எட்டியபடி எழுதினார் ஒருவர். அதைச் சிங்களத்தில் மாற்றினார் இன்னொருவர். அங்கிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தார் மூன்றாமவர். சிங்களம் மட்டும் என்ற சட்டம் 1956இல் வந்தது, சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பு ஒப்புக்கொண்டது 1987இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவையே பிடிக்காதவளைப் பார்த்து “உன் பேரில் பிழை” என்பது எந்த ஊர் நியாயம்?

தோட்டத்து மொழியில் ‘பேர்’ என்றால் பெயர் மட்டுமன்று. ஒரு நாள் வேலைக்கே பேர் என்றுதான் சொல்கிறார்கள். பிரட்டுக்களத்தில் பேர் போடுகிறார்கள். நிறுத்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று கூலியைப் பாதியாக்குகிறார்கள். வேலையை விட்டு நிறுத்தினால் பேரை வெட்டுகிறார்கள். பேர் வேறு, கூலி வேறு என்று அவர்கள் பிரித்ததில்லை. ஆகவே பேரில் பிழை என்று கந்தோரில் சொல்லும்போது அவள் காதில் விழுவது, “நீ உழைக்கவில்லை” என்பதே. அவள் திகைத்து நிற்பது அறியாமையால் அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே லெச்சுமியின் சம்பளத்திலிருந்து முப்பது ஆண்டுகள், மாதந் தவறாமல் எட்டு வீதம் வெட்டினார்களே, அப்போது ஒரு மாதமேனும் “இது யார் பேர்?” என்று எவரும் ஐயுற்றதுண்டா? தொழிற்சங்கச் சந்தாவும் அதே செக்ரோலில்தான் பிடிக்கப்பட்டது. சந்தா பிடிக்கையில் பேர்ப்பிழை வருவதில்லை. எடுக்கும் கைக்கு எழுத்துப் பிழை இல்லை. கொடுக்கும் கைக்கு மட்டும் திடீரென்று இலக்கணம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சங்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன். சந்தா கொடுத்த அங்கத்தவரின் பெயர் எல்லா ஏடுகளிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்ப்பதற்கு ஒரு கிளாக்கரை வைக்கச் சங்கங்களால் முடியாதா?

சரி, பேர் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் இருக்கிறதா? தொழிலாளியின் கூலியில் வெட்டிய பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் நிதியத்தில் செலுத்தவேண்டும் என்பது சட்டம். ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கொடுக்காமல் பாக்கி வைத்த கதை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டது. இவை தனியார் கம்பனிகள் அல்ல. அரசாங்கத்தின் சொந்த நிறுவனங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இந்நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய லூல்கந்துர, ஜனதா சபையின் வசம் வந்த தோட்டங்களுள் ஒன்று. தொழில் ஆணையாளர் வழக்குத் தொடரலாமாம். அரசு, அரசின்மேல் வழக்குப் போட்டு, அரசின் நீதிமன்றத்தில் வென்று, அரசிடமிருந்து வசூலிக்க வேண்டும். அதுவரை கிழவி லயத்தில் காத்திருப்பாள். நாடு 2022இல் கடன் கட்ட முடியாமற் போனபின், 2023இன் உள்நாட்டுக் கடன் சீரமைப்பில் திறைசேரிப் பிணைமுறிகளின் சுமையை ஏற்கச் சேமலாப நிதியையே முன்னே தள்ளினார்கள். வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. கொழுந்து பறித்தவளின் காசு நாட்டின் கடனைத் தாங்கும்போது அவள் பேர் எவ்வளவு தெளிவாக வாசிக்கப்பட்டது பாருங்கள்!

இது புதிய கதையுமன்று. 1948இல் குடியுரிமை பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வுடன்படிக்கையிலேயே, நாடு திரும்புவோர் தமது சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்ல அனுமதிப்பதாக ஒரு வாசகம் இருக்கிறது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அதில் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தவன் தன் கூலியைத் தன்னோடு எடுத்துப்போக இரு பிரதம மந்திரிகள் அனுமதி தரவேண்டியிருந்தது. அன்று ஆளை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு வரம்பு கட்டினார்கள். இன்று ஆளை வைத்துக்கொண்டே ஆள் யாரென்று கேட்கிறார்கள்.

இனி வரப்போவது இதைவிடத் தந்திரமானது. 1889ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டங்கூட, வேலை செய்ய முன்வரும் தொழிலாளிக்குக் கிழமைக்கு ஆறு நாள் வேலை கொடுக்கத் தோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. வெள்ளைக்காரன் வைத்த அந்தக் கட்டைத் தளர்த்தும் வேலை கைக்காசு முறையால் நடக்கிறது. பறித்த கிலோவுக்குக் கையிற் காசு. செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாததால் சேமலாப நிதி இல்லை, சேவைக்காலம் இல்லை. சில கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளியிடம் ஒப்படைத்து, “நீயே முதலாளி” என்று முதுகில் தட்டிக் கொடுக்கின்றன. முதலாளியான மறுகணமே அவள் எதையும் கோர முடியாதவள் ஆகிறாள். பேரில் பிழை வராமல் இருக்க இவர்கள் கண்டுபிடித்த வழி, பேரையே எழுதாமல் விடுவது.

ஆகவே கோரிக்கை ‘விழிப்புணர்வு’ அன்று. அடையாளத்தை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கித் தோட்டத்தின் தலைக்கு மாற வேண்டும். கூலியில் வெட்டியவர் யார், எந்தப் பேரில் வெட்டினார் என்பது செக்ரோலில் இருக்கிறது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் தொழிலாளி அதே லயத்தில், அதே மலையில்தான் இருந்தாள், மாறியவர்கள் அவர்களே. பழைய ஏடுகளைத் தேடிக் கொண்டுவருவதும் அவர்கள் கடமையே. ஏடு இல்லை என்றால் அவள் சொல்வதை ஏற்றுப் பணத்தைக் கொடுக்கட்டும்.

சட்டம் அவ்வாறு திருந்தும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. இதை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் மலையகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலர் அதே லயங்களிலிருந்து வந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பாடசாலைக் கட்டடத்தில் இரண்டு மேசை போதும். ஐம்பது வயதில் அல்ல, முப்பதிலும் நாற்பதிலுமே ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் நிதியத்தின் பதிவு அட்டையையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் அவள் வேலையில் இருக்கும்போதே, துரை இன்னும் அவளிடம் வேலை வாங்கிக்கொண்டிருக்கும்போதே, திருத்தும் கடிதத்தை அவரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். செலுத்தப்பட்ட மாதங்களையும் அன்றே எண்ணிப் பார்க்கலாம். விடுபட்ட மாதங்களின் பட்டியலை எழுதித் தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே அனுப்பலாம்.