ஆறெழுத்தும் ஏழையின் மூக்குத்தியும்

தங்க நகையின் உட்புறத்தில், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் பொறிக்கப்படுகின்றன. நகைக்கு நகை இக்குறி வேறு. 2021 சூலையில் வந்த இக்குறி இல்லாமல் ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் முதல் விற்கலாகாது என்று மத்திய அரசு கட்டளையிட்டது.

இதனால் என்ன பயன் என்று கேட்பாருண்டு. 916 என்ற முத்திரை, ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்கிறது. முத்திரை குத்தும் அச்சு கிடைத்தால் எந்த ஏமாற்றுக்காரனும் அதைச் சொல்லிவிடலாமே! ஆறெழுத்தோ, முத்திரைக்கு அனுப்பிய வணிகர் யார், சோதித்த நிலையம் எது, தரம் என்ன என்று பதிவேட்டைத் திறந்து காட்டுகிறது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் எவரும் இட்டுப் பார்க்கலாம். வேலைச் சுமை, காலத் தாழ்வு என்று கூறி, 2021 ஆகஸ்டு 23 அன்று நகை வணிகர்கள் கடையடைத்தனர். ஆயினும் குறி நிலைத்தது. நாம் அதை வரவேற்கிறோம்.

ஏன்? எட்டு கிராம் சவரனில், 22 காரட்டானால் 7.33 கிராம் பசும்பொன்; 20 காரட்டானால் 6.67 தான். சவரனுக்கு மூன்றில் இரண்டு கிராம் பறிபோகிறது! அடகுக்கடை உரைகல்லில் தேய்க்கும் அன்றுதான் அது வெளியாகும். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், குறைவுக்கு உரிய தொகையைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் தரவேண்டும் என்கின்றன 2018ஆம் ஆண்டு விதிகள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு? இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயமில்லை என்று 2020ஆம் ஆண்டு ஆணை விலக்களித்தது. இரண்டு கிராம் என்றால் கால் சவரன். அதற்கும் குறைந்து வாங்குவோர் யார்? கூலி வாங்கிச் சேர்த்து மகளுக்கு மூக்குத்தி வாங்கும் தாய். தாலிக்குப் பொட்டுத் தங்கம் தேடும் தொழிலாளி! மாளிகையின் ஒட்டியாணத்துக்குக் காவல். குடிசையின் மூக்குத்திக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்!

பொறிக்க இடமில்லை என்பர். இடமில்லையேல், முத்திரையிட்ட உறையில் குறியை அச்சிடலாமே? செலவு என்பர். எடை எதுவாயினும் நகைக்கு 45 ரூபாய் என 2022இல் வைத்த கட்டணத்தைச் சிறு நகைக்குக் குறைக்கலாமே?

வழியுண்டு, வேண்டுவது மனம். இரண்டு கிராம் விலக்கு நீங்கட்டும். அதுவரை, சிறு நகை வாங்குவோர் எடையும் தரமும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் கடையைவிட்டு இறங்க வேண்டாம்!