எந்தத் தெருவுக்கு இந்தச் சில்லு?

ரொரன்ரோவில் வாழும் எனது சகோதரியின் மகன் விடுமுறைக்கு இங்கு வருவதற்கு இரு வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, உங்கட சைக்கிளுக்கு ஒரு சோடி காபன் சில்லு கொண்டுவாறன். அளவை மட்டும் சொல்லுங்கோ." பாசத்துடன் கேட்கப்பட்ட கேள்விக்கு உடனடியாகப் பதில் சொல்லாமல் விட்டது எனது தவறு. இரு வாரங்கள் அதைப் பற்றியே யோசித்துக் கொண்டிருந்தேன். அந்த யோசனையின் முடிவை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எனது வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசைகளில் நின்று களைத்துப்போன இலட்சக்கணக்கான இலங்கையர்களில் நானும் ஒருவன். அவ்வாண்டின் நடுப்பகுதியில், ஜப்பானில் பாவிக்கப்பட்ட பின்னர் இறக்குமதி செய்யப்பட்ட ஓட்டச் சைக்கிள் ஒன்றைக் கொழும்பில் வாங்கினேன். அலுமினியச் சட்டகம், ரிம்மைப் பிடிக்கும் பிறேக், பின்பக்கத்தில் பத்துப் பற்சில்லுகள். எரிபொருள் வரிசைகள் மறைந்துவிட்டன. சைக்கிளோ நிலைத்துவிட்டது. வாரத்தில் மூன்று காலைகள் அதில் போகிறேன். வருடத்தில் இரு தடவை அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்று பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவுப்பகுதிக்கு ஓடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு வைத்தியர் தரும் மாத்திரைகளில் சிலவற்றை அது குறைத்திருக்கிறது என்பதையும் இங்கு பதிவு செய்ய வேண்டும்.

மருமகன் அனுப்பிய முதலாவது படத்திலிருந்த சில்லுகள் எனது வண்டிக்குப் பொருந்தவே மாட்டாதவை. அவை தட்டுப் பிறேக்குக்கு உரியவை. இன்று உலகச் சந்தையில் புதிதாக வரும் ஓட்டச் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வகையே. அவற்றின் பின்சில்லு அச்சின் அகலம் 142 மில்லிமீற்றர். எனது வண்டியின் பின்கவட்டின் அகலம் 130 மில்லிமீற்றர். ஆகவே, புதிய சில்லு வாங்க விரும்புபவர் எடையையும் அழகையும் பார்ப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்த வகைப் பிறேக்? அச்சின் அளவு என்ன? பின்சில்லின் குடத்தில் எந்தப் பற்சில்லுத் தொகுதி ஏறும்? சட்டகத்துக்குள் எவ்வளவு அகலமான ரயர் நுழையும்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் சில்லு வாங்குவது, காலின் அளவு தெரியாதவருக்குச் சப்பாத்து வாங்குவதைப் போன்றது.

இரண்டாவது படம் பொருந்தக்கூடியது. ஆழம் 50 மில்லிமீற்றர் கொண்ட காபன் ரிம். சோடியின் எடை 1,450 கிறாம். இப்போது என்னிடமுள்ள அலுமினியச் சில்லுகளைவிட 400 கிறாம் குறைவு. விலையைக் கேட்டபோது அவன் மழுப்பினான். இவ்வகைச் சில்லுகள் ஆயிரம் டொலருக்கு மேலிருந்து இரண்டாயிரத்தையும் தாண்டிச் செல்பவை. ரூபாவில் அது பல இலட்சம்.

அந்த 400 கிறாம் எனக்கு என்ன செய்யும்? நானும் வண்டியும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 80 கிலோகிராம். அதில் 400 கிறாம் என்பது இருநூறில் ஒரு பங்கு. ஒரு மணித்தியாலம் எடுக்கும் மலையேற்றம் ஒன்றில் எனக்கு மிச்சமாவது அதிகபட்சம் 18 விநாடிகள். சுழலும் எடை மற்றைய எடையைவிடப் பல மடங்கு பாரமானது என்றொரு வாதத்தைச் சைக்கிள்காரர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கலாம். அது பாதி உண்மை. வேகம் எடுக்கும் வேளையில் ரிம்மின் எடை கூடியபட்சம் இரு மடங்காக உணரப்படும். சீரான வேகத்தில் போகும்போதோ மலை ஏறும்போதோ அதற்கும் சட்டைப்பையில் இருக்கும் திறப்புக்கோர்வைக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆழமான ரிம் காற்றைக் கிழித்துச் செல்லும் என்பது மெய்யே. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் போட்டியாளருக்கு அது பெறுமதியானது. ஆனால், காற்றை எதிர்ப்பதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 24 கிலோமீற்றரில் போகும் என்னைப் போன்ற ஒருவர் காற்றுக்குக் கொடுப்பது அந்தப் போட்டியாளர் கொடுப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாத்திரமே. அதில் சில்லு மிச்சப்படுத்தித் தருவது இன்னும் சொற்பம். மறுபுறத்தில், சோளகம் பெயர்ந்த பின்னர் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு ஆழமான முன்சில்லின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் கடல், மறைப்பதற்கு ஒரு மரமும் இல்லாத தெரு. பக்கத்தால் அடிக்கும் காற்று அந்த உயர்ந்த ரிம்மைப் பாயைப் போலப் பிடித்து கைபிடியைத் திருப்பிவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்.

இறக்கம் இன்னொரு விடயம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்குபவர் நீண்ட நேரம் பிறேக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிறேக்கில் அந்தச் சூடு முழுவதும் ரிம்முக்கே போகிறது. அலுமினியம் சூட்டை விரைவாகக் கடத்தி வெளியே விட்டுவிடும். காபன் நாரை ஒட்டி வைத்திருக்கும் பிசின் அவ்வாறு செய்யாது. அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் இளகும், உள்ளிருக்கும் ரியூப் வெடிக்கவும் கூடும். மழையில் காபன் ரிம்மில் பிறேக் தாமதித்தே பிடிக்கும். மலைநாட்டில் மழை எப்போது வரும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை.

இவ்வளவையும் சொன்னபோது மருமகன் சொன்ன பதில் என்னைச் சிறிது காயப்படுத்தியது. "மாமா, நீங்கள் இன்னும் தொண்ணூற்றைந்திலையே நிக்கிறியள்."

அவன் 1995ஐக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பொருளாதாரத் தடை நிலவிய அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான் சைக்கிளில்தான் வாழ்ந்தேன் என்று சொல்லலாம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறிய இரவில், அம்மாவைக் கரியரில் இருத்தி, பாரில் ஓர் அரிசிப் பையைக் கட்டி, மழையில் நாவற்குழிப் பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சென்றேன். அது தந்தையார் ஓடிய பழைய பிரித்தானியச் சைக்கிள். அவ்வகை வண்டிகளின் முன்சில்லுக்கு 32 கம்பிகள், பின்சில்லுக்கு 40 கம்பிகள். விடிந்த பின்னர் சாவகச்சேரியில் பார்த்தபோது பின்சில்லில் நான்கு கம்பிகள் அறுந்திருந்தன. ரிம் நெளிந்திருந்தது. ஆனால் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. தெருவோரத்தில் திருத்துநர் ஒருவர் வேறொரு பழைய சில்லிலிருந்து கம்பிகளைக் கழற்றி அரை மணித்தியாலத்தில் போட்டுத் தந்தார். அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டி ஓசையைக் கேட்டே இறுக்கினார். அம்மா மீண்டும் கரியரில் ஏறினார்.

இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. அதில் ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது. சைக்கிள் சில்லு தாங்குவது கம்பிகளின் இழுவையினால். நல்ல சில்லு ஒன்றில் ஒரு கம்பி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவையில் இருக்கும். பாரம் ஏறும்போது தரையைப் பார்த்திருக்கும் சில கம்பிகளின் இழுவை தளர்கிறது, மற்றவற்றில் மாற்றம் மிகவும் சிறிதே. சைக்கிள் சில்லைப் பற்றி 1981இல் தனி நூலொன்றை எழுதிய அமெரிக்கப் பொறியியலாளர் ஜொப்ஸ்ட் பிராண்ட் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் தளர்வதும் இறுகுவதுமாக இருக்கும் கம்பி காலப்போக்கில் களைத்து அறுகிறது. கம்பிகள் கூடுதலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வரும் களைப்புக் குறைவு. ஒன்று அறுந்தாலும் மற்றவை பங்கிட்டுக்கொள்ளும். நாற்பதில் ஒன்று போவதும் இருபதில் ஒன்று போவதும் ஒன்றல்ல.

இருபதில் ஒன்று போவதை நான் 2024இல் கண்டேன். சைக்கிளை வாங்கிய சில மாதங்களில், பெயர்பெற்ற நிறுவனமொன்றின் தயாரிப்பான இருபது கம்பிப் பின்சில்லு ஒன்றை ஆசையில் வாங்கிப் போட்டிருந்தேன். புத்தளம் வீதியில் சிலாபத்தைத் தாண்டியதும் ஒரு கம்பி அறுந்தது. சில்லு உடனடியாக ஒரு பக்கம் வளைந்து சட்டகத்தில் உரசி நின்றது. உருட்டிச் செல்லவும் முடியவில்லை. அருகிலிருந்த சைக்கிள் கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுவதும் சில்லு கட்டியவர். அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதற்கு வழமையான வளைந்த தலை இல்லை. அந்த நிறுவனம் தனக்கென வடிவமைத்த நேர்க்கம்பி அது. இந்த நாட்டில் அதை எங்கும் வாங்க முடியாது என்றார். கொழும்புக்குத் திரும்பிய தேங்காய் லொறி ஒன்றில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிவிட்டார். அந்தக் கம்பியைத் தருவிக்க எனக்கு நான்கு மாதங்கள் சென்றன.

எனவே மருமகனின் குற்றச்சாட்டுக்கு எனது பதில் இதுதான். நான் தொண்ணூற்றைந்தில் நிற்கவில்லை, சிலாபத்தில் நிற்கிறேன். புதிய தொழில்நுட்பத்தை வெறுப்பவன் அல்லன் நான். அகலமான ரயர் வந்ததை மனமார வரவேற்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஓட்டச் சைக்கிள் என்றால் 23 மில்லிமீற்றர் ரயரும் 120 இறாத்தல் காற்றும் என்பதே விதி. இன்று பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் வீரர்களே 28, 30 மில்லிமீற்றர் ரயர்களில் அதைவிட மிகக் குறைந்த காற்றுடன் ஓடுகிறார்கள். கரடுமுரடான தெருவில் இறுகிய ரயர் உடலைக் குலுக்கிச் சக்தியை வீணாக்குகிறது என்பது தெளிவாகிவிட்டது. எங்கள் தெருக்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. எனது சட்டகம் 28ஐ ஏற்கும். அதற்கு உள் அகலம் 19 மில்லிமீற்றர் கொண்ட ரிம் பொருத்தமானது.

ஆனால் புதியது எல்லாம் முன்னேற்றம் அல்ல. ரயரின் விளிம்பைப் பிடித்து வைக்கும் கொக்கி இல்லாத ரிம்கள் அண்மைக் காலத்தில் பரவியிருக்கின்றன. அவற்றுக்கு 5 பார், அதாவது ஏறத்தாழ 73 இறாத்தலுக்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. குறிக்கப்பட்ட ரயர்களையே பாவிக்கலாம். 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடந்த போட்டியில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி கென்ட் விழுந்தபோது அத்தகைய ரிம் ஒன்றிலிருந்து ரயர் கழன்று கிடந்த காட்சி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தட்டுப் பிறேக் வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் சில்லு வாங்கும்போது இதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. தெருவோரக் கடையில் காற்றடிப்பவர் அந்த எல்லையைப் பார்த்து அடிக்கப் போவதில்லை.

எனது முடிவு இதுதான். அலுமினிய ரிம். முன்சில்லுக்கு 28 கம்பிகள், பின்சில்லுக்கு 32. வளைந்த தலையும் நடுவில் மெலிந்த உடலும் கொண்ட சாதாரண உருக்குக் கம்பிகள். மெலிந்த நடுப்பகுதி சிறிது நீண்டு கொடுப்பதால் தலைப்பக்கம் அறுவது குறையும். நிப்பிள்கள் பித்தளையில் இருக்க வேண்டும். அலுமினிய நிப்பிள் கடற்காற்றில் அரித்து இறுகிவிடும், பிறகு நெளிவெடுக்க முடியாது. எந்தக் கடையிலும் கழற்றிக் கிறீஸ் போடக்கூடிய குடம். எடை 1,800 கிறாமுக்குச் சற்றுக் கூடலாம். செலவு காபன் சில்லின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரிம், கம்பி, குடம் ஆகியவற்றைத் தனித்தனியே கொண்டுவருமாறு மருமகனிடம் கேட்டேன். கட்டும் வேலையை யாழ்ப்பாணத்தில் இன்னும் அத்தொழிலைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் கொடுக்கவிருக்கிறேன். அவருக்கு அடுத்து அதைக் கற்றுக்கொள்ள எவரும் வரவில்லை என்று அவர் கவலைப்படுகிறார்.

நாற்பது ஆண்டுகளை நெருங்கும் பத்திரிகை வாழ்வில், புலம்பெயர்ந்த உறவுகள் அன்புடன் அனுப்பிய பொருட்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஒரு சிறு உதிரிப்பாகம் இல்லாமல் துணி போர்த்தி வைக்கப்பட்ட இயந்திரங்கள், மென்பொருள் காலாவதியாகிப் பூட்டிய அறையில் இருக்கும் கணினிகள். கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை. பெற்றவர்களும் நன்றி மறந்தவர்கள் அல்லர். "இது பழுதடைந்தால் அங்கு யார் திருத்துவார்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. கொடுப்பவர் அதைக் கேட்கத் தயங்குகிறார், பெறுபவர் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார். நானும் இரு வாரங்கள் கூச்சப்பட்டவன்தான்.

மருமகன் நான் கேட்டபடியே கொண்டுவந்தான். சிறிது ஏமாற்றம் அவன் முகத்தில் தெரிந்தது. பொதியைப் பிரித்தபோது நான் கேட்டிராத ஒன்று உள்ளே இருந்தது. அதே நீளத்தில் மேலதிகமாகப் பத்துக் கம்பிகள். "சிலாபத்துக்கு" என்றான்.