லென்ஸ் வாங்க முதல் அறையை அளந்து பாருங்கோ

போர்ட்ரெய்ட் எடுக்க எந்த லென்ஸ் நல்லம் எண்டு ஆரைக் கேட்டாலும் வாற முதல் பதில் 85 மில்லிமீற்றர். யூடியூப்பில் பார்த்தாலும் அதுதான், கலியாண வீட்டுப் படம் எடுக்கிற அண்ணாமாரைக் கேட்டாலும் அதுதான். பதில் பிழையில்லை. ஆனால் அது ஃபுல் ஃபிரேம் கமரா வைச்சிருக்கிற ஆக்களுக்கான பதில். எங்களில் கனபேரிட்ட இருக்கிறது கெனன் 200டி, நிக்கோன் டி3500 மாதிரியான க்ரொப் சென்சர் கமராக்கள். அதையும் சிலர் பாவிச்சதாகத்தான் வாங்கியிருப்பினம். அந்தக் கமராவில் 85 பூட்டுறதுக்காக மாசாமாசம் தவணைக்காசு கட்டுறது தேவையில்லாத வேலை எண்டுதான் நான் சொல்லுவன்.

கணக்கு லேசானது. கெனன் எண்டால் 1.6 ஆல் பெருக்குங்கோ, நிக்கோன், சோனி எண்டால் 1.5 ஆல். 50 லென்ஸைப் போட்டால் அது 75, 80 மாதிரி வேலை செய்யும். 85 ஐப் போட்டால் 128, 136 ஆகிவிடும். ஆக, அவை 85 இல் எடுக்கிற அதே படத்தை நீங்கள் 50 இல் எடுக்கலாம். எந்தக் கம்பனியிலும் விலை குறைஞ்ச லென்ஸுகளில் ஒண்டு இந்த 50 எஃப்/1.8 தான்.

“85 எண்டால் முகத்தை வடிவாக் காட்டும்” எண்டு ஒரு கதை இருக்கு. முகத்தை வடிவாக் காட்டுறது தூரம், லென்ஸ் இல்லை. 3 அடிக்குள்ள போய் நிண்டு எடுத்தால் எந்த லென்ஸிலும் மூக்குப் பெருக்கும், காது பின்னுக்குப் போகும். 5, 6 அடி தள்ளி நிண்டால் முகம் முகமாக இருக்கும். அந்தத் தூரத்தில் நிக்கேக்க ஃபிரேமுக்குள்ள எவ்வளவு வரும் எண்டதைத்தான் லென்ஸ் முடிவு செய்யுது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் படம் எடுக்கிற இடத்தை. எங்கட வீடுகளில் அறை எண்டால் 10க்கு 10, கூடினால் 10க்கு 12 அடி. க்ரொப் கமராவை நிமிர்த்திப் பிடிச்சு ஒரு ஆளை இடுப்புக்கு மேல எடுக்க, 50 இல் ஏறக்குறைய 6½ அடி தள்ளி நிக்க வேணும். 85 இல் 11 அடி. கால் வரைக்கும் முழுசா எடுக்க வேணுமெண்டால் 50க்கு 15 அடி, 85க்கு 25 அடி. விறாந்தையில் இருக்கிற அம்மம்மாவை 85 ஆல் முழுசா எடுக்க நீங்கள் கிணத்தடிக்குப் போக வேணும். அங்க நிண்டு அவவோட எப்பிடிக் கதைக்கிறது? கதைக்காமல் எடுத்தால் அவ அடையாள அட்டைக்கு இருக்கிற மாதிரி விறைச்சுப்போய்த்தான் இருப்பா.

அடையாள அட்டை எண்டதும்தான் எனக்கு இந்த விசயத்தில் இருக்கிற கோவத்தைச் சொல்ல வேணும். 85 எஃப்/1.4 மேல எங்கட பெடியளுக்கு இருக்கிற ஆசைக்குக் காரணம் முகமில்லை, பின்னணி வெண்ணெய் மாதிரி உருகிறதுதான். எங்கட ஊர்களில் எத்தினை வீட்டுச் சுவரில் தொங்கிறது பாஸ்போட் சைஸ் படத்தைப் பெருப்பிச்ச படம்? அல்பத்தை விட்டுப்போட்டு உயிரைக் கையில் பிடிச்சுக்கொண்டு ஓடின சனம் இது. 2017 இல் கிளிநொச்சியில் தொடங்கின, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் அம்மாமார் மடியில் வைச்சிருக்கிற படங்களைப் பாருங்கோ. கனக்கப் படங்களில் ஒரு முகமும் அதுக்குப் பின்னால ஸ்ரூடியோத் துணியும் மட்டும்தான். அந்தப் பிள்ளை எந்தப் படலைக்கு முன்னால நிண்டது, எந்தச் சைக்கிளில் போனது எண்டு அதில் ஒண்டும் இல்லை. அந்தச் சனத்துக்கு வேற படம் மிஞ்சேல்லை. நாங்கள் மட்டும் ஏன் காசைக் குடுத்துப் படலையை அழிக்கிறம்?

அப்ப எஃப்/1.8 எதுக்கு எண்டு கேப்பீங்கள். வெளிச்சத்துக்கு. கமராவோட வாற 18-55 லென்ஸை 55 இல் வைச்சால் எஃப்/5.6க்கு மேல திறக்காது. 1.8 அதைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சத்தை உள்ளுக்கு விடும். பின்னேரம் 6 மணிக்கு, ஃபிளாஷ் அடிக்காமல், குசினிக்குள்ள நிக்கிற அம்மாவை எடுக்கலாம். ஆனால் எப்பவும் 1.8 இலேயே வைச்சிருக்காதேங்கோ. 5 அடி தூரத்தில் 50 லென்ஸுக்கு 1.8 இல் தெளிவாக வாற ஆழம் 6 சென்ரிமீற்றர் அளவுதான். கண் தெளிவா இருக்கும், காது கலங்கிப்போகும். 4 இல் வைச்சால் முழு முகமும் தெளிவா வரும், பின்னால இருக்கிறது கதிரையோ கிணறோ எண்டும் விளங்கும்.

காசு குடுக்க முதல் கையில் இருக்கிற 18-55 ஐ ஒரு கிழமைக்கு 50க்குக் கிட்ட வைச்சு ரேப் ஒட்டுங்கோ. அடுத்த கிழமை 35 இல். எதில் முதுகு சுவரில் முட்டாமல் எடுத்தீங்களோ அதுதான் உங்கட லென்ஸ். வீட்டுக்குள்ளதான் கூட எடுக்கிறதெண்டால், நிக்கோன் ஆக்களுக்கு 2009 இல் வந்த 35 எஃப்/1.8 டிஎக்ஸ் போதும். கெனனில் 2015 இல் வந்த 50 எஸ்ரிஎம் நல்லது. அதுக்கு முந்தின 50 இன்னும் மலிவு. ஃபோகஸ் பண்ணேக்க சத்தம் போடும், அவ்வளவுதான். சோனியில் க்ரொப்புக்கெண்டே வந்த 50 ஓஎஸ்எஸ் இருக்கு, கை நடுக்கத்தையும் தாங்கும். கோயில் திருவிழா, விளையாட்டுப்போட்டி மாதிரி வெளியில் எடுக்கிறவை, கமராவோட 55-250 வந்திருந்தால் அதையே பாவியுங்கோ. நீங்கள் ஆசைப்படுற 85 அதுக்குள்ள இருக்கு.

நிக்கோன்காரர் ஒரு இடத்தில் கவனம். பழைய 50 எஃப்/1.8டி மலிவா ஆப்பிடும். ஆனால் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள்ள ஃபோகஸ் மோட்டர் இல்லாதபடியால் அதில் ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் எண்டு போட்டிருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ.

2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் போனதில இருந்து கனபேர் பாவிச்ச லென்ஸைத்தான் தேடுகினம். அதில் பிழையில்லை, ஆனால் எங்கட புழுக்கத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். மூடிகளைக் கழட்டி, ஒரு பக்கத்தால ரோச் அடிச்சு மற்றப் பக்கத்தால சரிச்சுப் பாருங்கோ. சிலந்திவலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சால் எவ்வளவு குறைச்சுத் தந்தாலும் வேண்டாம். தூசு நாலைஞ்சு கிடந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. வாங்கிக்கொண்டு வந்து கமராப் பைக்குள்ளயே மாசக்கணக்கா மூடி வைக்காதேங்கோ. இறுக்கி மூடுற பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டும், சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் மாதிரிப் புதுசா நாலைஞ்சு பைக்கற்றும் காணும்.