இழுக்கும் சரி, தாங்குமா?

அமெரிக்காவில பிக்கப் ட்ரக் விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். மலைப்பாதை, புழுதி, கரகரன்னு ஒரு ஆண் குரல், பின்னாடி ஒரு பெரிய டிரெய்லர். கடைசியில திரை முழுக்க ஒரு நம்பர்: இந்த வண்டி இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்! அந்த நம்பர் பொய்யின்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு சின்ன பிக்கப்புக்குப் பின்னாடி ஒரு சின்ன கேம்பரை மாட்டிக்கிட்டு ஊர் சுத்த நினைக்கிற ஆளுக்கு, அதைவிட உபயோகமில்லாத நம்பர் வேற இல்லை. இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

கேம்பர் டிரெய்லர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரம் வெச்ச குட்டி வீடு. உள்ள படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி, சிலதுல கழிப்பறை கூட இருக்கும். தனியா ஓடாது, ஒரு வண்டி இழுத்துக்கிட்டுப் போகணும். இங்க தேசியப் பூங்காக்களுக்குப் போனா பாதி ஜனம் இதோடதான் வந்து இறங்கும்.

என் கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன் நடுத்தர சைஸ் பிக்கப் ஒண்ணு வெச்சிருக்கான். லீவுல நாலு பேரா எல்லோஸ்டோன் போகலாம், அதுக்கு ஒரு பழைய கேம்பர் வாங்கலாம்னு திட்டம். டீலர்கிட்ட போனப்ப அவர் சொன்னது ரெண்டே வாக்கியம். "உங்க ட்ரக் 6,400 பவுண்டு இழுக்கும். இந்த டிரெய்லர் 3,900 பவுண்டுதான்." அவ்வளவுதான், பையன் காற்றுல பறந்துட்டான். 2,500 பவுண்டு மிச்சம் இருக்கே!

மிச்சம் எங்க இருக்குன்னு நாம கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல அந்த 3,900. அது காலி டிரெய்லரோட எடை. 'டிரை வெயிட்'னு சொல்லுவாங்க. பட்டுப் புடவையை மடிப்புக் கலையாம கடையில எடை போட்ட மாதிரி. வீட்டுக்குக் கொண்டு வந்து குடித்தனம் நடத்தும்போதுதான் நிஜ எடை தெரியும். ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. 30 கேலன் தொட்டியை நிரப்பினா 250 பவுண்டு. நிரப்பின ரெண்டு காஸ் சிலிண்டர் 75. பேட்டரி 50. பாத்திரம், பண்டம், போர்வை, நாற்காலி, துணிமணி, நாலு பேர் லீவுக்கு ஒரு 500ன்னு வைங்க. மொத்தம் 4,775. ஆக 3,900 எங்கயும் இல்லை, டீலர் கொட்டகையில மட்டும்தான் இருந்தது.

பரவாயில்லையே, 6,400ல இது 75 சதவீதம்தானேன்னு நீங்க கேட்கலாம். கேட்கணும். இங்கதான் விஷயமே இருக்கு.

நம்ம ஊர் மாட்டு வண்டியை நினைச்சுப் பாருங்க. ரெண்டே சக்கரம். மூட்டையை முன்னாடி தள்ளி அடுக்கினா முன்பாரம், மாட்டுக் கழுத்து நொந்து போகும். பின்னாடி தள்ளி அடுக்கினா பின்பாரம், நுகத்தடி மேல தூக்கும். வண்டிக்காரர் அடுக்கிட்டு ஒரு தடவை தூக்கிப் பார்த்து, கொஞ்சம் முன்பாரமா இருக்கிற மாதிரிதான் வெச்சுப்பார். ஒற்றை அச்சு கேம்பரும் அதே மாட்டு வண்டிதான். நுகத்தடி இருந்த இடத்துல ட்ரக்கோட கொக்கி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க அந்த முன்பாரத்துக்கு ஒரு அளவு சொல்றாங்க: டிரெய்லரோட மொத்த எடையில 10லிருந்து 15 சதவீதம் ட்ரக் கொக்கி மேல உட்காரணும். குறைஞ்சா என்ன ஆகும்? டிரெய்லர் நாய் வாலாட்டற மாதிரி ஆட ஆரம்பிக்கும். பக்கத்துல ஒரு பெரிய லாரி கடந்து போற காற்று போதும், ஆரம்பிச்ச ஆட்டம் ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிசாகி, கடைசியில டிரெய்லர் ட்ரக்கையே இழுத்துப் புரட்டிடும். அதனால முன்பாரம் வேணும். பேரம் பேச முடியாது.

இப்ப 4,775ல 12 சதவீதம் எடுங்க. 573 பவுண்டு. இது இழுக்கிற எடை இல்லை. ட்ரக் முதுகு மேல ஏறி உட்கார்ற எடை. அந்த முதுகு எவ்வளவு தாங்கும்னு விளம்பரத்துல பெரிய எழுத்துல யாரும் போடறதில்லை. எங்க இருக்கு தெரியுமா? டிரைவர் கதவைத் திறந்தா, கதவுத் தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாதுன்னு அதுல அச்சடிச்சிருக்கும். இது அமெரிக்கச் சட்டப்படி ஒட்டியே ஆகணும். அந்த மாடலுக்கான சராசரி நம்பர் இல்லை, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான நம்பர். நண்பன் வண்டியில 1,050.

நாலு பசங்க, ஆளுக்கு 160 பவுண்டு, 640. முன்பாரம் 573. கூட்டினா 1,213. ட்ரக் தொட்டியில ஒரு ஐஸ் பெட்டி கூட வைக்கல, ஒரு கட்டு விறகு ஏத்தல, அதுக்குள்ள 163 பவுண்டு அதிகம்! விளம்பர நம்பர்ல கால்வாசி மிச்சம் இருக்கும்போதே முதுகு ஒடிஞ்சாச்சு. சின்ன பிக்கப்புகள்ல பெரும்பாலும் முதல்ல தீர்ந்து போறது இந்தச் சுமக்கிற அளவுதான், இழுக்கிற அளவு இல்லை.

அப்ப அந்த 6,400ஐ எங்கிருந்து எடுத்தாங்க? அதுக்கும் ஒரு கதை இருக்கு. ரொம்ப நாளா ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வெச்சு அளந்துக்கிட்டு இருந்தது. 2008ல எஸ்.ஏ.இ. என்கிற பொறியாளர் அமைப்பு ஜே2807ன்னு ஒரு பொதுச் சோதனை கொண்டு வந்தது. முதல்ல ஏத்துக்கிட்டது டொயோட்டா, 2011 மாடலுக்கு. அதனால அவங்க டண்ட்ரா ட்ரக்கோட நம்பர் குறைஞ்சு போச்சு. மத்த பெரிய கம்பெனிகள் தங்க அரை டன் ட்ரக்குகளை அந்த வழிக்குக் கொண்டு வர 2015 மாடல் வரைக்கும் ஆச்சு. யாரு முதல்ல நம்பரைக் குறைச்சுக்கறதுங்கற போட்டியில யார்தான் ஓடுவாங்க? :-)

அந்தச் சோதனை சும்மா இல்லை. அரிசோனாவுல டேவிஸ் அணைக்குப் பக்கத்துல தொடங்கற 11 மைலுக்கு மேலான ஏற்றம். நல்ல வெயில்ல, ஏ.சி.யை முழுசா ஓட விட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழ இறங்காம ஏறணும். மதிக்க வேண்டிய சோதனைதான். ஆனா அதுல ட்ரக்ல இருக்கிறது எத்தனை பேர்னு நினைக்கறீங்க? டிரைவரும் இன்னொருத்தரும், ஆளுக்கு 150 பவுண்டு. முன்பாரம் 10 சதவீதம். பின் சீட்ல பசங்க இல்லை, தொட்டியில சாமான் இல்லை. அந்த ரெண்டு பேருக்கு அந்த நம்பர் உண்மை. நாலு பேருக்கு இல்லை.

"எத்தனையோ பேர் இதைவிட அதிகமா இழுத்துக்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். உண்மைதான். சமதரையில, காற்றில்லாத நாள்ல, நேரா இழுத்துக்கிட்டுப் போனா எதுவும் ஆகாது. எஞ்சினுக்கு இழுக்கிறது பெரிய விஷயமே இல்லை. பின் அச்சுக்குப் பின்னாடி பாரம் ஏறினா ட்ரக் நெம்புகோல் மாதிரி முன்பக்கம் மேல எழும். முன் டயர்ல பாரம் குறையும், ஸ்டீயரிங் லேசாகும், ப்ரேக் பிடிப்பும் குறையும். இதெல்லாம் தினமும் தெரியாது. இறக்கத்துல, வளைவுல, திடீர்னு முன்னாடி ஒருத்தர் நிறுத்தினா அன்னைக்கு மட்டும் தெரியும். எதிர்ல வர்ற கார்ல இருக்கிறவங்க இந்தக் கணக்குல கையெழுத்துப் போடலையே? அவங்களுக்காகவும்தான் இந்த ஸ்டிக்கர்.

இன்னொரு வாதம் ஐரோப்பாக்காரங்களோடது. அங்க சாதாரண கார்லயே கேரவான் இழுக்கறாங்க, அமெரிக்காக்காரங்கதான் பயப்படறாங்கன்னு. அங்க முன்பாரம் குறைவா வைக்கிறாங்கங்கறது நிஜம். ஆனா வேகத்தையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? ஜெர்மனியில கேரவான் இழுத்தா பொதுவா மணிக்கு 80 கிலோமீட்டர்தான். தனியா அனுமதி வாங்கினா 100. பிரிட்டன்ல மோட்டார்வேயில 60 மைல். இங்க கலிபோர்னியாவுல சட்டம் 55 மைல்னு சொல்லுது. ஆனா பல மாநிலங்கள்ல அப்படி எதுவும் இல்லை, கேம்பரோட 75ல பறக்கறவங்களை நீங்களே பார்க்கலாம். 55லிருந்து 65க்குப் போனா பத்து மைல்தானேன்னு தோணும். நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 40 சதவீதம் கூடுது. காற்றோட எதிர்ப்பும் அப்படியே. அவங்க குறைஞ்ச முன்பாரத்துக்குக் குறைஞ்ச வேகத்தை விலையாக் கொடுக்கறாங்க. நாம அவங்க முன்பாரத்தையும் நம்ம வேகத்தையும் சேர்த்து எடுத்துக்க முடியாது.

இவ்வளவும் சொன்னா டீலர் உடனே அடுத்த வழி சொல்லுவார். "அப்ப பெரிய ட்ரக் வாங்கிடுங்க." இதுதான் எனக்குச் சுத்தமா ஒப்பாத இடம். வருஷத்துல மூணு வாரம் கேம்பர் இழுக்க, மீதி 49 வாரம் ஒத்தை ஆளா காலேஜுக்கு ஒரு யானையில போயிட்டு வரணுமா? அதுக்கு லோன், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் யார் கொடுக்கறது? பெரிய ட்ரக் வந்ததும் பெரிய கேம்பர் மேல ஆசை வரும், அப்புறம் அதைவிடப் பெரிய ட்ரக். இந்தப் படிக்கட்டுக்கு மேல் மாடியே கிடையாது.

நான் சொல்றது நேர் எதிர். ட்ரக்கை விடுங்க, டிரெய்லரைச் சின்னதாக்குங்க. இது ஒண்ணும் புதுசு இல்லை. 1968லேயே கனடாவுல வின்னிபெக் நகரத்துல போலர்னு 13 அடி ஃபைபர் கிளாஸ் கேம்பர் ஒண்ணு வந்தது. முட்டை மாதிரி இருக்கும், அன்னைக்கு இருந்த சாதாரணக் கார்களே இழுத்தது. அதே வழியில வந்த ஸ்கேம்ப் இன்னைக்கும் மினசோட்டாவுல தயாராகுது. அதுக்கும் முன்னாடி 1930களிலேயே கண்ணீர்த்துளி வடிவத்துல டியர்டிராப்னு குட்டி டிரெய்லர்களை ஜனங்க வீட்டுக் கொட்டகையில செஞ்சுக்கிட்டாங்க. உள்ள படுக்கை, பின் கதவைத் தூக்கினா சமையலறை, முடிஞ்சது.

அதே நண்பன் வண்டியில கணக்கைத் திரும்பப் போடுங்க. சாமானோட 1,800 பவுண்டு வர்ற முட்டை கேம்பர். 12 சதவீதம் 216. நாலு பேர் 640. மொத்தம் 856. கிட்டத்தட்ட 200 பவுண்டு மிச்சம், ஐஸ் பெட்டியும் விறகும் தாராளமா ஏறும். நாலு பேரும் உள்ள படுத்தா மூட்டை அடுக்கின மாதிரி இருக்கும்தான். ரெண்டு பேர் வெளிய டென்ட்ல படுக்கட்டும். எல்லோஸ்டோன் போறதே வெளிய இருக்கத்தானே? (கரடி நடமாட்டம் காரணமா அங்க சில முகாம்கள்ல டென்ட்டுக்கு அனுமதி கிடையாது. அதை மட்டும் முன்னாடியே பார்த்து வெச்சுக்கணும்.)

சின்னதுன்னு அசட்டையா இருக்கவும் கூடாது. பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டு தாண்டினாதான் டிரெய்லருக்குத் தனி ப்ரேக் கட்டாயம். சட்டம் கேட்கலைன்னாலும் ப்ரேக் இருக்கிறதையே வாங்குங்க, ட்ரக்குக்குள்ள அதுக்கான கன்ட்ரோலரும் வைங்க. ஆட்டம் ஆரம்பிச்சா ட்ரக் ப்ரேக்கை ஓங்கி மிதிக்காம, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சு, டிரெய்லர் ப்ரேக்கை மட்டும் கையால போடணும். கன்ட்ரோலர் இல்லைன்னா அது முடியாது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்கள்ல இருக்கிற எடை மேடையில, எல்லாம் ஏத்தினப்புறம், ஆட்களோட ஒரு தடவை எடை போடுங்க. இருபது டாலருக்குள்ளதான் ஆகும். ஒரு பீட்சா காசு.

இங்க பெரும்பாலான மாநிலங்கள்ல கார் லைசன்ஸ் இருந்தா போதும், இந்த மாதிரி கேம்பர் இழுக்கத் தனியா ஒரு பரீட்சையும் கிடையாது. யாரும் சொல்லித் தரப் போறதில்லை, விக்கிறவர் நிச்சயமா சொல்லப் போறதில்லை. அதனால லீவுக்குக் கிளம்பற மக்களே, டீலர்கிட்ட "இழுக்குமா?"ன்னு கேட்காதீங்க, அவர் இழுக்கும்னுதான் சொல்லுவார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டிரைவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிங்க. கூட வர்ற நாலு பேர் கிட்டயும் கூச்சப்படாம எடையைக் கேளுங்க. மிச்சம் எவ்வளவோ, அதுக்குள்ள அடங்கற கேம்பர்தான் உங்க கேம்பர்.